தந்தை வழியும் தாய் மொழியும்

முளா ஆறும் பவனா ஆறும் கூடுமிடத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் சாங்வி. பிழைப்பை நாடி இப்பக்கம் வந்த தமிழ்க் குடும்பங்களில், இரண்டாம் தலைமுறையினர் மராத்தியரோடு சம்பந்தம் செய்துகொள்வது இன்று புதுமையன்று. அவ்வீட்டுக் குழந்தை தமிழ்க் குழந்தையா, மராத்திக் குழந்தையா என்று ஊரிலிருந்து வரும் உறவினர் வினவும்போது நாம் தடுமாறுகிறோம். இந்த வினாவோடு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் மலாக்காச் செட்டிகளைப் பற்றி இன்று சிறிது பேசுவோம்.

பதினைந்தாம் நூற்றாண்டில், மலாக்கா சுல்தான்களின் துறைமுகத்துக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர் துணிமணிகளை ஏற்றிச் சென்றனர். பருவக் காற்று திரும்பும்வரை கப்பல் திரும்ப இயலாது. தங்கியவர்கள் மலாய், சாவகம், சீனம் முதலிய இனப் பெண்களை மணந்து அங்கேயே குடும்பம் அமைத்தார்கள். 1511இல் போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றியபோது, நீனா சாத்து என்னும் தமிழ் வணிகரை 'பெண்டகாரா' என்ற உயர்பதவியில் அமர்த்தினர் என்றால், அவர்களுக்கிருந்த செல்வாக்கை ஊகித்துக்கொள்ளலாம். 1641இல் டச்சுக்காரர் வந்தனர். அவர்கள் காலத்தில், 1781இல் எழுந்ததே பொய்யாத விநாயகர் ஆலயம். (இவர்களை நாட்டுக்கோட்டை நகரத்தாரோடு சேர்த்து எண்ணுதல் கூடாது, நகரத்தார் மலாயா சென்றது மிகவும் பிற்காலத்தில்.)

இச்சமூகத்தில் தெய்வம் தந்தை வழி வந்தது. பேச்சு தாய் வழி வந்தது. வீட்டில் வழங்குவது மலாய்; தமிழ் மறைந்துவிட்டது. பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் அணிவர். ஆயினும் பெயரின் இறுதியில் பிள்ளை, படையாச்சி, செட்டி என்பன நிற்கின்றன. வழிபாடு சைவ வழிபாடு. பொங்கலுக்கு முந்திய போகியன்று மூதாதையருக்கு வாழையிலையில் படையல் இடுகிறார்கள். படையலிலோ மலாய்ச் சமையலின் மணம்! மாரியம்மன் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' என்றும் அழைக்கின்றனர். சாச்சார் என்றால் மலாய் மொழியில் அம்மை நோய். நம் கிராமத்துப் பாட்டிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

தமிழ் பேசாதவர் தமிழராவது எவ்வாறு என்று கேட்போர் உண்டு. மலேசிய அரசியல் சட்டமோ, இஸ்லாத்தைத் தழுவி, மலாய் பேசி, மலாய் வழக்கங்களைப் பின்பற்றுபவரே மலாய்க்காரர் என வரையறுக்கிறது. பின்னிரண்டும் இவர்களிடம் பெரிதும் உண்டு, முதலாவது இல்லை. ஆக, இரு வீட்டிலும் விருந்தினராகவே நிற்க வேண்டிய நிலை.

சட்டங்கள் இத்தகைய மக்களை அளந்த விதம் விந்தையானது. நமது அரசியல் சட்டத்தின் 366ஆம் விதி ஆங்கிலோ இந்தியரைத் தந்தைவழி ஐரோப்பிய மரபைக் கொண்டே அடையாளம் காண்கிறது. சென்னைப் பெரம்பூரிலும் திருச்சிப் பொன்மலையிலும் ரயில்வேயோடு வளர்ந்த அச்சமூகத்தின் தாய்மார்கள் அவ்விதியில் இடம்பெறவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்தது கொடுமை. 1950இல் இயற்றிய சட்டத்தால் மக்களை இனவாரியாகப் பதிந்து, ஒரே குடும்பத்தினரையும் வெவ்வேறு இனமாகப் பிரித்தார்கள். அங்கே 'நிறத்தவர்' என்று வகுக்கப்பட்டோரின் முன்னோரில், டச்சுக்காரர் இந்தியக் கரைகளிலிருந்து கொண்டுபோன அடிமைகளும் உண்டு. 1991இல்தான் அச்சட்டம் நீங்கியது.

மலாக்காவில் தமிழ் போனது போனதுதான். அதை இனிப்பாகப் பேசி மறைக்க வேண்டியதில்லை. பண்டிகை நாளிலும் படையலிலும் வைத்துக் காத்தவை நின்றன. நாள்தோறும் நாவில் வழங்காதது நிற்கவில்லை. ஆதலால் சாங்வி வீட்டுக் குழந்தையின் தாய் மராத்தியராயின், தந்தையும் பாட்டியும் அக்குழந்தையோடு தமிழில் பேசுவதை நாளைக்கென்று தள்ளிவைக்க இயலாது. தாய் தமிழராயின் அப்பொறுப்பு அவருடையதாகிறது. தந்தை வீட்டு மராத்தியும் அதே உரிமையோடு அங்கு ஒலிக்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியையே தாய்மொழி என்று கொள்கிறது. அதற்கு ஓர் இடமே உண்டு. அறிந்த பிற மொழிகளுக்கு மேலும் இரண்டு இடங்கள் உள்ளன. கணக்கெடுப்போர் வரும்போது அவ்விரண்டையும் வெறுமையாக விடாது நிரப்பச் சொல்லலாம்.