திணை மயங்கலாமா?



பானை வனைந்த குயவர் பாவலர் அல்லர். ஆயினும், தாம் வனைந்த பானைக்கு வாய் என்றும் கழுத்து என்றும் வயிறு என்றும் பெயரிட்டவர் அவரே. ஊசிக்குக் காது வைத்தவர் தைப்பவர். தேங்காயிற் கண் கண்டவர் அதனை உரித்துத் தின்றவர். உழவர் வாயில் நெற்பயிர் சூல் கொள்கிறது. முற்றிய கதிர் தலை சாய்க்கிறது. வாழை குலை ஈனுகிறது. மாந்தன் உலகை அளக்க முதலிற் கொண்ட கோல் அவனது உடம்பே. உடம்பை ஏற்றிச் சொன்னவன் பின்னர் உணர்வையும் ஏற்றினான். கடல் சீறியது, காற்று முனகியது, வானம் அழுதது. இது மாந்தர் பேசும் எல்லா மொழிகட்கும் பொது. தமிழுக்கே உரியதென்று மார்தட்டிக் கொள்ள இதில் ஒன்றுமில்லை. தமிழின் சிறப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. அதுவே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

தொடரியில் அமர்ந்து செல்பவர், "ஊர் வந்துவிட்டது" என்கிறார். ஊரா வந்தது? வந்தவர் அவர், ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. இவ்வழக்கைப் பிழையென்று தள்ளவில்லை தொல்காப்பியர். வாராத பொருளை வருவதாகவும், சொல்லாத பொருளைச் சொல்வதாகவும் கூறும் மரபை எச்சவியலில் ஏற்றுக்கொண்டார். விளைந்த நெல் தன்னை அவலாக்கச் சொல்வதாகவும், வாடும் பயிர் மழையைக் கேட்பதாகவும் உரையாசிரியர் அதற்குக் காட்டுத் தருவர். செய்யுளியலில் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஞாயிறு, திங்கள், அறிவு, நாணம், கடல், கானல், விலங்கு, மரம், மாலைப்பொழுது, பறவை, நெஞ்சு ஆகியவற்றைப் பேசுவன போலவும் கேட்பன போலவும் வைத்துப் பாடலாம் என்று இசைவு தந்தார். அங்கும் "போல" என்னும் வேலியை இட்டே தந்தார்.

ஆனால், கடனாகத் தரப்பட்டது வினை மட்டுமே, ஈறு தரப்படவில்லை. ஊர் 'வந்தது', 'வந்தாள்' அன்று. மக்களைச் சுட்டுவது உயர்திணை, அவரல்லாத பிற அனைத்தும் அஃறிணை என்று வகுத்த கிளவியாக்கம், காலம், உலகம், ஞாயிறு, திங்கள் முதலிய பத்துச் சொற்களைத் தனியே எடுத்து வைக்கிறது. அவை உயர்திணைப் பொருளவாகக் கருதப்படினும், அவ்வடிவில் நின்றபடியே ஆண்பால் பெண்பால் ஈறு கொள்ளமாட்டா என்கிறது. ஞாயிறு எழுந்தது, எழுந்தான் ஆகாது. எழுந்தான் என்று சொல்லியே தீரவேண்டுமா? பெயரை மாற்றிக் கதிரவன் என்க, பகலவன் என்க. காலத்தைக் கொல்லும் ஆளாக்க வேண்டுமா? காலன் என்க. மாந்தத் தன்மை ஏற்றப்படும் இடம் எதுவென்று கேட்பவன் செவிக்கு அந்த ஈறே அறிவித்துவிடும். கள்ளத்தனமாக எல்லை கடக்க வழியில்லை.

பிறமொழிகளைப் பாருங்கள். பிரெஞ்சு மொழியில் ஞாயிறு ஆண், திங்கள் பெண். அடுத்த நாட்டுச் செருமானியத்தில் ஞாயிறு பெண், திங்கள் ஆண். சிறுமியைக் குறிக்கும் சொல்லோ ஆணும் அன்று பெண்ணும் அன்று! வடமொழியில் மனைவியைக் குறிக்கும் சொற்களுள் பார்யா பெண்பால், தாரம் ஆண்பால், களத்திரம் அலிப்பால். இங்கெல்லாம் பால் என்பது சொல்லின்மேல் ஒட்டிக்கிடப்பது; பொருளைப் பார்த்து வந்ததன்று. தமிழிற் பால் பொருளைப் பார்த்து வருவது. சூரியன், சந்திரன் என்னும் இரவற் சொற்கள் வந்து புகுந்தபின், 'அன்' ஈறு கண்டு மயங்கி 'உதித்தான், மறைந்தான்' என்று எழுதுவார் தோன்றினர். நல்ல வேளையாக, வயலில் நின்ற உழவர் இன்றும் 'பொழுது சாய்ந்தது' என்றே சொல்கிறார்.

இவ்வெல்லை பாவலரின் நெஞ்சை வறளச் செய்ததா? இல்லை. நற்றிணையில் ஒரு புன்னை நிற்கிறது. தோழியரோடு விளையாடிய பெண் மணலில் அழுத்திய விதை மறந்துபோய் முளைத்து வந்தது. நெய்யும் பாலும் பெய்து வளர்த்தனர். அதனை அன்னை அப்பெண்ணுக்கு உடன்பிறந்தாள் என்று உறவுமுறை சொல்லிக் காட்டுகிறாள். அதன் நிழலில் காதலனோடு நகையாட அப்பெண் நாணுகிறாள். மரத்தின்முன் நாணம்! இதனினும் நெருக்கமாக ஒரு மரத்தை மாந்தரோடு சேர்த்தல் இயலுமா? அத்தகைய அன்னையும் அம்மரத்தைச் 'சிறந்தது' என்றாளேயன்றிச் 'சிறந்தாள்' எனவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் புறநானூற்றிற் பாடும் கபிலரும், அக்கொடிக்குப் பாடிப் பரிசில் பெறும் நாவில்லை என்பதை மறவாமல் குறிக்கிறார். கொடை பெரிதானதே அதனால்தான். அன்பு வேறு, மயக்கம் வேறு என்று தெளிந்த நெஞ்சங்கள் அவை.

மயக்கம் எங்கு வந்தது? தெய்வத்தைக் குறிக்கும் பெயர்கட்குத் தனி ஈறு இல்லை, அவை உயர்திணை ஈறுகளையே பெறும் என்பதும் கிளவியாக்கமே. ஒரு நோய் அந்த ஈற்றைப் பெற்றது. பெரியம்மை கண்டால் 'நோய் வந்தது' எனச் சொல்லமாட்டார்கள். 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்பார்கள். கொப்புளத்தை முத்து என்பார்கள். இவ்வழக்கில் நன்மையே இல்லையென்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. வாயிலிற் செருகிய வேப்பிலை அயலாரை விலக்கி நிறுத்தியது. நோயுற்றவர் அருவருக்கப்படாமல் பேணப்பட்டார். ஆனால் 1796-இல் எட்வர்டு சென்னர் தடுப்பு முறையைக் கண்டறிந்து, அது இந்நாட்டுக்கு வந்தபின்னும், அம்மை குத்திக்கொண்டால் ஆத்தா சினப்பாள் என்று அஞ்சிப் பிள்ளைகளை ஒளித்தவர் பலர். பத்துப்பேரைப் பற்றினால் ஏறத்தாழ மூவரைக் கொன்ற நோய் அது. வந்தது நச்சுயிரி, சினம் அதற்கில்லை, இரக்கமும் இல்லை. 1975-இல் இந்தியாவிலும், 1977-இல் சோமாலியாவிலும் இறுதியாக இயற்கையிற் கண்ட அந்நோய், 1980-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒழித்தது ஊசி. 'வந்திருக்கிறாள்' என்னும் ஒரு வினைமுற்றை உண்மையென நம்பியதற்குக் கொடுக்கப்பட்ட விலை எத்தனை குழந்தைகள் என்பதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் எவருமில்லை.

இன்று அதே மயக்கம் வேறு வாயிலால் வருகிறது. 1966-இல் அமெரிக்காவின் மசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் சோசப் வைசன்பாம் என்பார் எலிசா என்னும் கணிப்பொறி நிரல் ஒன்றை வெளியிட்டார். தட்டச்சிட்டவரின் சொற்களையே திருப்பி வினாவாக்கித் தருவதே அதன் வேலை. அவர் அதனை உருவாக்கியதை மாதக்கணக்கில் அருகிருந்து கண்ட அவர்தம் செயலரே, அதனோடு சில வரிகள் உரையாடியபின், தனித்துப் பேசவேண்டும், அறையை விட்டு வெளியே செல்லுங்கள் என்று அவரையே கேட்டுக்கொண்டார். வைசன்பாம் திடுக்கிட்டார். இன்றைய பொறிகள் எலிசாவினும் பன்மடங்கு வல்லவை. அளவிறந்த எழுத்துகளிலிருந்து பழகி, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கோப்பவை. அவை 'நான் வருந்துகிறேன்' என்கின்றன, தமிழிலும் என்கின்றன. யான், யாம், நாம் ஆகியவற்றை உயர்திணைப் பெயர்களுள் வைத்தது பெயரியல். ஆகவே பொறி வாய்திறந்து 'நான்' என்ற அப்பொழுதே எல்லை கடந்துவிட்டது; கேட்பவர் 'அவள் சொன்னாள்' என்பது அதன் பின்விளைவே. அதன்பின் ஒருவர் தம் நோயையும் கடனையும் குடும்பத் துயரையும் அதனிடம் கொட்டுகிறார். கேட்டது யார் என்று அவர் கேட்டுப் பார்ப்பதில்லை. அப்பொறியை விற்பவர்க்கு 'அது' என்பதினும் 'அவள்' என்பதே வருவாய் தரும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இதற்கு மறுதலையான வழக்கும் உண்டு. உயர்திணைப் பொருளவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொகுத்த தொல்காப்பியர், குழவி, விருந்து, அரசு என்பவற்றோடு அடிமை என்பதனையும் சேர்த்து எழுதினார். காதலாற் சொல்வதும் செறலாற் சொல்வதும் அத்தொகுப்பில் உள. தாய் தன் பிள்ளையை 'அது தூங்குகிறது' என்பது காதல். அடிமை வந்தது என்பதில் எந்தக் காதலும் இல்லை. நாட்டில் நிலவிய கொடுமையை இலக்கணம் கண்டபடி எழுதி வைத்தது, அவ்வளவே.

அவ்வழக்கு ஓய்ந்துவிடவில்லை. கூடத்தில் வைத்த பொறி மழை வருமா என்று கேட்டதற்கு மறுமொழி சொல்ல, 'அவள் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறாள்!' என்று வியக்கும் வீடுகள் உள்ளன. அவ்வீடுகளுள் சிலவற்றிலேயே, பானை சட்டி கழுவப் பத்தாண்டாக வந்துபோகும் பெண்ணைப் பற்றி அடுக்களையிலிருந்து குரல் எழுகிறது: "அது இன்னும் வரவில்லையா?"