இன்று வராதவர் யார்?

ஏகவல்லோன் அல்லாஹ்வைப் போற்றி, அவனது தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பிக்கின்றேன்.

 

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்து வந்த ஓர் எளிய பெண்மணி இருந்தார். அறிவிப்பாளர் அது ஆணா, பெண்ணா என்று ஐயப்பட்டிருக்கின்றார். எனினும் பெண் என்ற கருத்தே வலுவானது. சில நாட்களாக அவர் கண்ணில் படவில்லை. நபியவர்கள் விசாரித்தார்கள். அவர் மரணித்துவிட்டார் என்று தோழர்கள் கூறினர். அது தங்களிடம் அறிவிக்கத்தக்க பெரிய செய்தியல்ல என அவர்கள் எண்ணியிருந்தனர் போலும். ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கேட்ட நபியவர்கள், கப்றைக் காட்டும்படி கூறிச் சென்று, அங்கே அவருக்காகத் தொழுதார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் இச்சம்பவத்தை ஜனாஸாத் தொழுகையின் சட்டங்களை விளக்குவதற்கே நாம் பெரும்பாலும் எடுத்துரைக்கின்றோம். அதற்கு முன்னுள்ள கேள்வியை, அதாவது ‘அவர் எங்கே?’ என்ற கேள்வியைக் கடந்து போய்விடுகின்றோம். இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியதாகும்.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையினால் வாடுவதாகவும், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 100 மரணங்கள் தனிமையோடு தொடர்புடையன எனவும் அது கணித்தது. பிரித்தானியா 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைக்கென்றே பொறுப்பான அமைச்சரை நியமித்தன. இது பணக்கார நாட்டாரின் நோய், மலையகத்து லயத்திலே எவர் தனியாக இருக்கின்றார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கொஸ்லந்த பகுதியின் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். முற்காலத்தில் விடியுமுன் தப்பு அடிக்கப்படும். தொழிலாளர் பெரட்டுக் களத்தில் கூடுவர். பெயர் கூப்பிடப்படும். அன்றைய சம்பளத்துக்கே ‘பேர்’ என்றுதான் வழக்கு. அந்த ஏற்பாடு அன்பினால் உண்டானதன்று, கூலியைக் கணக்கிட வெள்ளைக்காரத் துரைமார் செய்தது. ஆயினும் வராதவர் யார் என்பது காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். லயத்திலோ ஒரு காம்பராவில் இருமினால் மறு காம்பராவுக்குக் கேட்கும். லய வாழ்க்கையைப் புகழ்ந்து பேசுபவன் அல்லன் நான். பத்தடி அறையில் மூன்று தலைமுறை நெருங்கிக் கிடந்த வறுமையில் புகழ என்ன இருக்கின்றது? ஆனால் அங்கே ஒருவர் காணாமற்போனால் அடுத்த சுவருக்கு அது தெரிந்தது.

அத்தகைய லயங்கள்தாம் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மண்ணுக்குள் புதைந்தன. பாடசாலைக்கும் வேலைக்கும் புறப்பட்டுப் போயிருந்தவர்கள் தப்பினர். வீட்டிலிருந்தவர்கள் அகப்பட்டனர். முதல் நாளில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று உலகச் செய்திகள் கூறின. பின்னர் அந்த எண்ணிக்கை பலமுறை மாறி, வெகுவாகக் குறைந்தது. அன்று காலை யார் எங்கே இருந்தனர் என்று சொல்ல எந்த இயந்திரமும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தாம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்து வீடும் சில இடங்களில் மண்ணுக்குள் கிடந்தது.

இன்னுமொன்றையும் கவனியுங்கள். அம்மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. செய்தி இருந்தது. ஆனால் கதவைத் தட்டி, ‘வாருங்கள், உங்களுக்கு இடம் பார்த்திருக்கின்றோம், என்னோடு வாருங்கள்’ என்று கைபிடித்து அழைக்கும் மனித உறவாக அது மாறவில்லை. தகவல் சென்றடைவது வேறு, மனிதர் சென்றடைவது வேறு. கையடக்கத் தொலைபேசியைப் பற்றிப் பேச வந்தவன் மண்சரிவைப் பற்றிப் பேசுவதன் காரணம் இதுதான்.

தொலைபேசியை ஷைத்தானின் கருவி என்று கூறிவிட்டு இறங்கிவிடுவது மிம்பரில் நிற்பவருக்கு இலகு. ஒலிபெருக்கி வந்த காலத்தில் அதனைத் தொழுகையில் பயன்படுத்தலாமா என்று உலமாக்கள் நீண்ட காலம் விவாதித்தனர். இன்று நீங்கள் என் குரலைக் கேட்பதும் ஓர் அலையின் வழியாகத்தான். தெற்காசியாவில் செல்லிடத் தொலைபேசிச் சேவை முதன்முதலில் ஆரம்பமானது நம் இலங்கையில்தான், 1989ஆம் ஆண்டில். அப்படியிருந்தும் 2021இல், கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, நம் ஊவாவின் லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் காட்டுக்குள் நடந்து, மரத்தின் மேல் கட்டப்பட்ட பரணில் ஏறியிருந்து பாடம் படித்தனர். அங்குதான் சிக்னல் கிடைத்தது. பெரியவர்கள் அவர்களுக்குத் துணையாகச் சென்றனர். கல்விக்காக மரமேறிய பிள்ளையின் கையிலிருந்த கருவியை எவ்வாறு பழிப்பது?

ஆகவே கருவியை விட்டுவிட்டு, அதனைக் கையிலேந்தியவர் யாரோடு இருக்கின்றார், யாரை விட்டிருக்கின்றார் என்று பார்ப்போம்.

மூவர் இருக்கும் இடத்தில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் தமக்குள் இரகசியம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது மூன்றாமவரைக் கவலையுறச் செய்யும் என்று காரணத்தையும் கூறினார்கள். இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டில் வாப்பா தொலைபேசியில் எவரோ ஒருவருக்கு எழுதிக்கொண்டிருக்கின்றார், எதிரே மகன் அமர்ந்திருக்கின்றான். இங்கு இரகசியம் பேசும் இருவரில் ஒருவர் வீட்டில் இல்லை என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்? மூன்றாமவனின் கவலை அதேதான். பெற்றோர்களே, பிள்ளைகள் தொலைபேசியை விடுவதில்லை என்று முறையிட வரும் உங்களில் பலருடைய கைகளில், அம்முறையீட்டைச் சொல்லும்போதே அது ஒளிர்கின்றது. நபியவர்கள் ஒருவரோடு பேசும்போது முகத்தை மட்டுமன்றி முழு உடலையும் அவர் பக்கம் திருப்புவார்கள் என்று ஷமாஇல் நூல்களில் காண்கின்றோம். வீட்டில் அவ்வாறு ஒருவர் பக்கம் திரும்பி எத்தனை நாளாயிற்று?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நள்ளிரவில் போர்வைக்குள் திரையின் வெளிச்சத்தில் இருக்கும்போது, நூற்றுக்கணக்கான பெயர்கள் அதில் இருந்தும் ஒருவரிடமும் மனதைத் திறக்க முடியவில்லை என்று தோன்றுமாயின், அது ஈமானின் குறைவென்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்து அழுது அழுது கண்பார்வையை இழந்த நபியல்லவா? துயரம் பாவமன்று. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம், ஓர் ஆசிரியரிடம், மூத்த நானாவிடம் நேரில் சென்று பேசுங்கள். வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் எழுந்தால் தாமதியாது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். அந்த நேரத்தில் அதே தொலைபேசி ஒரு நிஃமத் ஆகும்.

தாய்மாரைத் தூரதேசம் அனுப்பிய வீடுகளை மறந்துவிட முடியாது. இம்மலைப் பிரதேசத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு உம்மா என்பவர் ஒரு கண்ணாடித் துண்டுக்குள் தெரியும் முகம்! சவூதி அரேபியாவின் நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே வீட்டு வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு அவர் தொலைபேசியை எடுக்கும்போது, இங்கே பன்னிரண்டரை. பிள்ளை தூங்கிவிட்டிருக்கும், அல்லது தூங்காமல் காத்திருந்து மறுநாள் வகுப்பில் தூங்கும். இங்கே இஷாவுக்குப் பின் ஏழரை என்றால் அங்கே மாலை ஐந்து மணி. அந்நேரம் பத்து நிமிட ஓய்வு கிடைக்குமா என்று அவரிடம் கேட்டு ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வேளையில் தொலைபேசியில் பற்றரி இருக்கட்டும், அது பிள்ளையின் கையில் இருக்கட்டும், பணம் எப்போது வரும் என்ற பேச்சை வாப்பாவோ மூத்தம்மாவோ பிறகு வைத்துக்கொள்ளட்டும். நேரம் அமையாவிட்டால் பிள்ளை அன்று ஓதிய பாடத்தையோ, பாடசாலையில் நடந்த சண்டையையோ குரலில் பதிந்து அனுப்பட்டும். அவர் சமையலறையில் நின்றபடியே கேட்பார். இதுவும் இரத்த உறவைச் சேர்ந்து நடப்பதுதான்.

மீரியபெத்தையில் வீடிழந்தவர்களுக்காக 2016இல் மகல்தெனியவில் 75 தனி வீடுகள் வழங்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் தோட்ட மக்கள் தலைமுறைகளாகக் கேட்ட உரிமை. அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் தனி வீட்டில் இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. முன்னர் சுவர் செய்த வேலையை இனிக் கால்கள் செய்ய வேண்டும். அயலவரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் தொடர்ந்து வலியுறுத்தியதனால், அயலவரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நபியவர்கள் எண்ணினார்கள். அயலவர் என்றதும் நம் ஜமாஅத்தாரை மட்டும் எண்ணுகின்றவர்களுக்குக் கூறுகின்றேன்: அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடறுத்தபோது, நம் யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதற்கு ஆதாரமாக இந்த ஹதீஸையே எடுத்துரைத்தார்கள். கொஸ்லந்தக் கடைவீதியில் வியாபாரம் செய்யும் நமக்கு, கொழுந்து பறித்துவிட்டு மாலையில் சாமான் வாங்க வரும் பெரியம்மாவும் அயலவரே. இரண்டு வாரமாக அவர் வரவில்லையாயின், கணக்குக் கொப்பியில் உள்ள கடனை மட்டும் நினைவு கூராதீர்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தையும் மலையகத்தையும் சிதைத்தபோது, வீதிகள் அறுந்தன, மின்சாரம் நின்றது, பல இடங்களில் தொலைபேசியும் செயலிழந்தது. எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கின்றார், எந்த வீட்டில் பிள்ளைகள் மட்டும் இருக்கின்றனர் என்பது அத்தகைய வேளையில் மனிதரின் நினைவில் இருந்தால்தான் உண்டு.

எனவே பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் வாலிபர்களிடமும் ஒரு வேண்டுகோள். மஹல்லாவிலும் அதனை அடுத்த லயங்களிலும் தனித்திருப்போரின் வீடுகளைக் குறித்து ஒரு பட்டியல் ஆக்குங்கள். விதவைகள், முதியோர், தாய் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள், எந்தச் சமயத்தவராயினும் சரி. தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில், இலக்கம் வேலை செய்யாதபோது அவ்வீட்டுக்கு நடந்து செல்லப்போகும் இளைஞனின் பெயரையும் எழுதுங்கள். ஜும்ஆ முடிந்ததும் பத்து நிமிடம் அமர்ந்து, இவ்வாரம் எவரைக் காணவில்லை என்று வாசித்துப் பாருங்கள். நிதி வசூலிக்கத் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.