கல்லூரியின் தரச்சான்றும் மாநில அரசின் பொறுப்பும்
(மேல்நிலைப் பள்ளி உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பெற்றோர் உங்களிடம் கேட்பது இதுதான்: "சார், அந்த கவர்மென்ட் காலேஜ் என்ன கிரேடு?" தனியார் கல்லூரிகள் பேருந்தின் முதுகில்கூட 'ஏ பிளஸ் பிளஸ்' என்று எழுதத் தொடங்கியபின் வந்த கேள்வி இது. பதில் சொல்லுமுன், அந்தக் கிரேடு எப்படி உருவாகிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிரேடு தருவது தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை, அதாவது 'நாக்'. 1994இல் பல்கலைக்கழக மானியக் குழு உருவாக்கிய இதன் தலைமையிடம் பெங்களூரு. கல்வி 1976 முதல் பொதுப்பட்டியலில் இருந்தாலும், உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது ஒன்றியப் பட்டியலின் 66ஆம் இனமாகவே உள்ளது. அரசுக் கல்லூரியை நடத்துவதோ மாநில அரசு. தேர்வு வைப்பவர் ஒருவர். பெஞ்சும் புத்தகமும் வாங்கித் தர வேண்டியவர் இன்னொருவர்.

இணைவுக் கல்லூரிகளுக்கு மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 350 கற்பித்தல், கற்றல், மதிப்பிடுதலுக்கு. அங்கே ஒரு கேள்வி வரும்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனை விழுக்காடு முழுநேர ஆசிரியர்களால் நிரம்பியுள்ளது? அதுவும் ஓராண்டுக் கணக்கன்று, ஐந்தாண்டுக் கணக்கு. முதல்வர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இந்த எண்ணை அவரால் மாற்ற முடியாது. நிதித்துறை ஒப்புதல் வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்த வேண்டும், ஆணை வர வேண்டும். கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில் வகுப்புகளைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஆனாலும் அது நிலையான நியமனம் ஆகிவிடாது. அரசுக் கல்லூரிக்குக் குறையும் மதிப்பெண்ணில் ஒரு பகுதி உண்மையில் அரசுக்குக் குறையும் மதிப்பெண்தான்.

ஆகவே மாநில அரசின் கண்காணிப்பு என்றால், இன்னொரு ஆய்வுக் குழுவை அனுப்புவது என்று நான் கருதவில்லை. கேரளம் தன் உயர்கல்வி மன்றத்தின் கீழ் மாநில அளவிலான தரச்சான்று மையம் ஒன்றையே அமைத்திருக்கிறது. துணிவான முயற்சி, ஆனால் கல்லூரிகளுக்கு நிரப்ப இன்னொரு படிவம் வந்து சேர்கிறது. (படிவம் என்றதும் சிரிக்கிறீர்கள். எமிஸ் நினைவுக்கு வருகிறது போலும்!) தரச்சான்று பெற்ற கல்லூரிகள் ஆண்டுதோறும் தர அறிக்கை அனுப்புகின்றன. உயர்கல்வித் துறை அதை வாங்கிப் படித்து, துறையின் ஆணையால் மட்டுமே தீரும் குறைகளைத் தனியே பிரித்தெடுத்தால் போதும்: காலிப் பணியிடம், ஆய்வகக் கட்டடம், மாணவியர் விடுதி.

சரிபார்ப்பிலும் மாநிலத்துக்கு வேலை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் 'நாக்' ஆய்வுக் குழுவினர் சிலரை லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. ஆய்வுக் குழுவைவிட ஊதியப் பட்டியலும் தேர்ச்சிப் பட்டியலும் உறுதியான சாட்சிகள். அரசுக் கல்லூரிகளைப் பொறுத்தவரை அவை ஏற்கெனவே அரசின் கையில் இருப்பவை.

இனி, மாணவருக்கு என்ன சொல்வது? கிரேடே இல்லை என்பதற்காக ஓர் அரசுக் கல்லூரியை ஒதுக்கிவிடாதீர்கள். தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், அல்லது இரண்டு அணி மாணவர்கள் படித்து வெளியேறியிருக்க வேண்டும். அதன்பிறகே விண்ணப்பிக்க முடியும். அண்மையில் திறந்த கல்லூரிக்கு அந்த வாய்ப்பே வந்திருக்காது. எழுத்தை மட்டும் பார்க்காமல் எண்ணையும் பாருங்கள்: 3.25 என்றால் 'ஏ', 3.26 என்றால் 'ஏ பிளஸ்'. இந்த ஒரு புள்ளிக்காக ஒரு பெண் தினமும் இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டுமா?

கிரேடு முழுக் கல்லூரிக்குத்தான். அவள் சேரப்போகும் இயற்பியல் துறையில் எத்தனை பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. அதை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். சான்றிதழில் முடிவுத் தேதியும் இருக்கும். வழக்கமாக ஐந்தாண்டுதான் செல்லுபடி; விளம்பரப் பலகைகளில் அந்தத் தேதியை அநேகமாக யாரும் எழுதுவதில்லை.