நான்கு பேர் சுமந்த படுக்கை

 

தலசீமியா உள்ள ஒரு பிள்ளையை வளர்க்கிற வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நோய் கடுமையாக இருந்தால் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அந்த இரத்தத்தோடு வரும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் தேங்கும். அதை வெளியேற்ற, 1970களின் பிற்பகுதியில் ஒரு வழி வந்தது. தோலுக்கடியில் ஊசி குத்தி, சின்ன பம்ப் ஒன்றால் டெஸ்பெரால் மருந்தை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் செலுத்துவார்கள். வாரத்தில் ஐந்தாறு இரவுகள், வீட்டிலேயே. பெற்றோர்தான் தாதிகள்.

வட லண்டனின் சைப்ரஸ் குடும்பங்களுக்கு அந்த இரவுகள் நன்றாகத் தெரியும். 1976இல் இங்கே தலசீமியா சங்கம் உருவானபோது பெற்றோர்களும் முன்னின்றார்கள். இன்று பலருக்கு மாத்திரை இருக்கிறது. ஆனால் அதை நாள் தவறாமல் நினைவில் வைத்திருப்பது யார்?

"எங்கட பக்கத்தில இந்த வருத்தம் ஒருத்தருக்கும் இல்லை." பிள்ளையின் அப்பம்மா சொல்வார். மருமகள் தலைகுனிந்து இருப்பாள். தாயிடமிருந்து ஒரு மரபணு, தகப்பனிடமிருந்து ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் இந்த நோய். பாதிப் பாதியாக வந்த நோயின் பராமரிப்பு மட்டும் ஏன் ஒருத்தியின் தலையில்?

பிரிட்டனில் பராமரிப்பாளர் உதவித்தொகை பெற, வாரம் 35 மணி நேரமாவது பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான் பெறலாம். படிவத்தில் ஒரு பெயர் இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு பெயர் போதாது.

"நான் உதவி செய்யிறனான்தானே" என்பார் தகப்பன். உதவி செய்கிறவர் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கேட்டுச் செய்வார். பங்கெடுக்கிறவருக்கு அடுத்த இரத்தம் எந்தத் தேதியில் என்று கேட்காமலே தெரியும். வேலையை மட்டுமல்ல, அந்த நினைப்பையும் பிரித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை வளர வளர அதற்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். ஒருநாள் முழுவதும் அதன் கைக்கே போகப்போகிறது.

மாற்கு சுவிசேஷத்தில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். ஒருவர் கை விட்டிருந்தாலும் படுக்கை சாய்ந்திருக்கும். அந்த நால்வரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற சித்தப்பாமார், மாமாமார், பெரியம்மாமார், இன்றைக்கே அந்த வீட்டுக்கு ஃபோன் எடுத்துக் கேளுங்கள்: "அடுத்த இரத்தம் எப்ப? அண்டைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்."