பங்குனி ஆமையும் நம் மலையும்
(நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செம்மநத்தத்தில் கடலாமையைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். சொல்கிறேன்.

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரையில் இரவில் கரையேறி, குழி தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டுவிட்டுத் திரும்பிவிடும். 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அம்முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். ஆணா, பெண்ணா என்பதை மணலின் சூடே தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகளே அதிகம். பூமி சூடாகிவரும் காலத்தில் இது கவலைதரும் செய்தி.

ஆமைக்கும் நம்மைப்போல நுரையீரல்தான். இழுவலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. ஆமை தப்பிக்க வழிவைத்த வலைகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

அது கடலோரத்தார் கடமை. நம் கடமை என்ன? சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு காவிரியில் கலக்கிறது. காவிரி கடலில் கலக்கிறது. இங்கே ஓடையில் எறியும் பிளாஸ்டிக் பை அங்கே ஆமைக்கு ஜெல்லிமீனாகத் தெரியும், விழுங்கிவிடும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதலே தடை உண்டு. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், அந்த வாயில்லா ஜீவனுக்காக, கடைக்குப் போகும்போது மஞ்சப்பையை மறக்காதீர்கள்.