முகப்பூச்சின் முதுகுப்புறம்

சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர், கரும்பும் மாவும் விளையும் வட்டாரத்தைச் சார்ந்தது. கடைப் பலகைகளில் தெலுங்கு எழுத்து இருக்கும்; கடை வாயிலில் நின்று விலை கேட்போரில் பலர் தமிழில் கேட்பர். அங்கே ஒரு பெட்டிக்கடையில் நாம் நின்றிருந்தபொழுது, மூதாட்டி ஒருவர் தம் பேத்திக்கென எடுத்த இரண்டு பொருள்களை நம்மிடம் நீட்டினார். ஒன்று, 'ரக்த சந்தனம்' என்று பெயரிட்ட சிவந்த தூள். மற்றொன்று, முகத்தை ஏழே நாளில் வெளுக்கச் செய்வதாக உறுதி கூறும் களிம்பு. "இதுல இன்னா எழுதியிருக்குது, கொஞ்சம் படிச்சுச் சொல்லு தம்பி" என்றார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது எளிய வேலை என்று கருதியே கையில் வாங்கினோம். வாங்கிய பிறகுதான் அது அத்துணை எளிதன்று என்பது விளங்கிற்று. தெலுங்கும் தமிழும் பேசும் ஊரில் விற்கும் பண்டத்தின் முதுகுப்புறத்தில் அவ்விரு மொழிகளுமே இல்லை. ஆங்கிலமும் இலத்தீனும் கலந்த பொடி எழுத்துகளே இருந்தன. இது தூளின் உறையைப் பற்றிய செய்தி. களிம்புச் சிமிழின் கதை வேறு; அதைப் பின்னர்க் கூறுவோம்.

தோலுக்குப் பூசும் பொருள்களின் உறைகளில் சேர்மானங்களின் பட்டியல் ஒன்று காணப்படும். அதனைப் பலர் அழகுக்காக அச்சிட்டதென்றே எண்ணிவிடுகின்றனர். அது சட்டம் இட்ட கட்டளை. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 1962-இல் திருத்தப்பட்டு அழகுப் பொருள்களையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. 2020-இல் அழகுப் பொருள்களுக்கெனத் தனி விதிகளே வகுக்கப்பட்டன. நூற்றுக்கு 1 பங்குக்கு மேல் உள்ள சேர்மானங்களை எடை அல்லது கொள்ளளவின்படி, மிகுதியானதை முதலிலும் குறைவானதைப் பின்னரும் எழுதுதல் வேண்டும். 1 பங்கும் அதற்குக் குறைந்தும் உள்ளவற்றை அவற்றுக்குப் பின் எந்த வரிசையிலும் எழுதலாம். இதுவே விதி. ஆகவே பட்டியல் என்பது வெறும் பெயர்க்கோவை அன்று. வரிசையே அதன் பொருள்.

இவ்விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முகப்பூச்சைப் பார்ப்போம். முகப்பில் பாதாமும் குங்குமப்பூவும் வண்ணப் படங்களாக விளங்கும். முதுகுப்புறத்தைத் திருப்பினால் முதலில் நிற்பது 'அக்வா', அதாவது தண்ணீர். அடுத்துக் கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், ஏதேனும் ஓர் எண்ணெய் எனச் செல்லும். எங்கோ ஓரிடத்தில் 'பினாக்சி எத்தனால்' என்றொரு பெயர் வரும். அது பூச்சு கெடாமல் காக்கும் பொருள். நூற்றுக்கு 1 பங்குக்கு மேல் அதைச் சேர்த்தல் ஆகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அந்த வரம்பைக் காக்கும் பூச்சில், அப்பெயருக்குப் பின் வருவன அனைத்தும் 1 பங்கோ அதற்கும் குறைவோ ஆகும். முகப்பில் அரசு வீற்றிருந்த குங்குமப்பூ பெரும்பாலும் இந்தக் கடைவரிசையில்தான் ஒதுங்கி நிற்கிறது. விலை கொடுப்பவர் படத்துக்குக் கொடுக்கிறார். தோலுக்குக் கிடைப்பதோ நீரும் கிளிசரினும்.

கடைவரிசையில் நிற்பதெல்லாம் பயனற்றது என்று முடிவு கட்டுதலும் பிழை. ரெட்டினால் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்வன. நியாசினமைடு அப்படியன்று, ஆராய்ச்சியாளர் அதைப் பெரும்பாலும் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை சேர்த்தே சோதித்துள்ளனர். அது முன்வரிசையில் இருந்தால் பொருள் உண்டு. நறுமணப் பொருளுக்கும் பின்னே நின்றால் ஐயத்துக்கு இடம் உண்டு.

இனிப் பெயர்களின் செய்தி. இதில் நமக்குச் சற்றுத் தொழில் பற்று உண்டு. 'கோக்கோஸ் நியூசிபெரா' என்ற பெயரைக் கேட்டு மருள வேண்டா. அது நம் தேங்காய். 'குர்குமா லாங்கா' மஞ்சள். 'அசாடிரக்டா இண்டிகா' வேம்பு. 'அலோ பார்படென்சிஸ்' சோற்றுக் கற்றாழை. 'டோக்கோபெரால்' வைட்டமின் ஈ. 'பாராபினம் லிக்விடம்' என்பது கேட்பதற்கு அரிய மூலிகைபோல் ஒலிக்கும்; அது மண்ணெண்ணெய்க்கு உறவான கனிம எண்ணெயைத் தூய்மை செய்தது. அதில் தீங்கில்லை, தோலின் ஈரம் வெளியேறாமல் மூடிக் காக்கும் வேலையை அது செம்மையாகவே செய்யும். ஆயினும் அதையே மூலிகைத் தைலமென்று எண்ணி மும்மடங்கு விலை தருவது வேறு செய்தி. 'பெர்பியூம்' என்ற ஒரு சொல் மட்டும் திரைச்சீலை போன்றது. அதற்குப் பின்னே பத்தோ ஐம்பதோ மணப்பொருள்கள் மறைந்திருக்கலாம். முகத்தில் அரிப்பும் தடிப்பும் காண்போர் முதலில் ஐயுற வேண்டிய சொற்களுள் அதுவும் ஒன்று.

மூதாட்டியின் தூளுக்கு வருவோம். அதன் உறையில் 'டெரோகார்ப்பஸ் சந்தாலினஸ்' என்று இருந்தது. அது செம்மரம். திருப்பதியைச் சூழ்ந்த சேசாசல மலைத் தொடரிலும் அதை ஒட்டிய கிழக்கு மலைகளின் தென்பகுதியிலும் இயற்கையாக வளர்வது. 1995 முதல் அதன் பன்னாட்டு வாணிகம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பெயரில் சந்தனம் இருந்தாலும் அது சந்தன மரத்தின் இனம் அன்று. சந்தன மரம் 'சந்தாலம் ஆல்பம்'. அதன் எண்ணெயில் உள்ள சந்தலால் என்னும் பொருளே மணத்துக்குக் காரணம். செம்மரத்தின் வயிரத்தில் சந்தலின் என்னும் செஞ்சாயம் உண்டு. சந்தன மணம் இல்லை. செஞ்சந்தனத் தூள் என்று வாங்கியது கமகமவென மணக்குமாயின், மணம் வெளியிலிருந்து சேர்ந்தது என்று கொள்ளலாம். அந்த மலைகளை அண்டி வாழும் மக்களுக்கே இவ்விரண்டும் ஒன்றெனத் தோன்றும்படி செய்திருப்பது அந்தப் பொதுப்பெயர்தான்.

சோப்பை ஒப்பிடுவது இதனினும் எளிது. உறையில் 'டி.எப்.எம்.' என்று ஓர் எண் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல்தரக் குளியல் சோப்பில் நூற்றுக்கு 76 பங்கேனும், இரண்டாம் தரத்தில் 70 பங்கேனும், மூன்றாம் தரத்தில் 60 பங்கேனும் இருத்தல் வேண்டும். 'பாத்திங் பார்' என்று எழுதிய கட்டிக்கு 40 பங்கே போதும். இரண்டும் ஒரே நிறம், ஒரே மணம், ஏறக்குறைய ஒரே விலையாகவும் இருக்கக்கூடும். எண்ணைப் பார்த்து வாங்குவோர் மிகச் சிலரே.

இவ்வளவும் பட்டியல் உள்ள பண்டங்களுக்குப் பொருந்தும். பட்டியலே இல்லாதவற்றை என் செய்வது? 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவத்துக்கும், 30 கிராமுக்குக் குறைந்த திண்மப் பொருளுக்கும் களிம்புக்கும் சேர்மானப் பட்டியல் வேண்டியதில்லை என்று விதியே விலக்களிக்கிறது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் வழிகாட்டிய சிறு உறை வாணிகம் ஷாம்புவைச் சில காசுகளுக்குக் குடிசை வரை கொண்டு சேர்த்தது. அது பெரிய உதவியே. ஆனால் பெரிய புட்டி வாங்குபவருக்குப் பட்டியலும், சிறு உறை வாங்குபவருக்கு மௌனமும் கிடைப்பதை நாம் நியாயம் என்று ஒப்புவதற்கில்லை. சிறிய இடத்தில் அச்சிட முடியாது என்பது காரணமாம். விளம்பர வாசகத்துக்கு அதே இடம் போதுமாயிருப்பதைக் காண்கிறோம். அதே பண்டத்தின் பெரிய புட்டி கடையில் இருந்தால் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிறு உறையை எடுத்துக்கொள்வது, இப்போதைக்கு நாம் அறிந்த வழி.

களிம்புச் சிமிழுக்கு இந்த விலக்கும் துணை வரவில்லை. அதில் செய்தவர் பெயர் இல்லை. உரிம எண் இல்லை. தொகுதி எண்ணும் இல்லை. இத்தகைய களிம்புகளில் அஞ்சத்தக்கது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதை அது தடுக்கிறது. ஆதலால் முகம் சில நாளில் வெளுப்பது மெய்யே. ஆனால் அது தோலின் வழியே உடலில் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். நம் விதிகள் முகப்பூச்சில் பாதரசத்தை வேண்டுமென்றே சேர்ப்பதை ஏற்பதில்லை; தற்செயலாகக் கலந்தாலும் 10 இலட்சத்தில் 1 பங்கைத் தாண்டலாகாது என்கின்றன. விதிக்கு அஞ்சுபவர் தம் பெயரை அச்சிடுவர். பெயரே இல்லாத சிமிழ் எந்த விதிக்கு அஞ்சும்?

மருந்துக் கடையில் முறைப்படி விற்கும் களிம்பிலும் ஓர் ஆபத்து உண்டு. பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமிட்டசோன் என்ற பெயர்கள் காணப்பட்டால் அது ஸ்டீராய்டு. அழகுப் பொருள் அன்று, மருந்து. மருத்துவர் குறித்த நாளளவுக்கு மட்டும் உரியது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பருக்கள் எழும். நிறுத்தினாலோ முன்னிலும் மோசமாகும். 2011-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், முகத்தோல் குறையுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் இதைப் பூசிக்கொண்டிருந்தனர். 2018-இல் இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அரசு ஆணையிட்டது. கருநிறத்தை ஒரு நோயாக்கியவர் யார் என்பது மற்றொரு நாள் பேச வேண்டிய பேச்சு.

இவற்றுள் தேவையானதை மட்டும் அம்மூதாட்டியிடம் சொன்னோம். தூளில் மணம் இல்லாததே அதற்கு நற்சான்று என்றதும் அவர் சிரித்தார். களிம்பைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. பேத்திக்கு அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்களாம். சற்று நேரம் சிமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; பிறகு தூளை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, சிமிழைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் அதைத் துடைத்து, இருந்த தட்டிலேயே வைத்தார்.