சாவி இல்லாத ரயில்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



சில மாதங்களுக்கு முன்னர் லண்டனிலிருந்து என் மகன் தொலைபேசியில் அழைத்தான். ரீஜென்ட் வீதியில் உள்ள ஹாம்லீஸ் என்னும் விளையாட்டுப் பொருட் கடைக்குள் நின்றுகொண்டு பேசினான். பின்னால் ஒரே பிள்ளைகளின் கூச்சல்.

"வாப்பா, நீங்க சின்ன வயசில ஆசப்பட்ட ரயில் இஞ்ச இரிக்கி. எஞ்சின், பெட்டி, தண்டவாளம் எல்லாம் ஒண்டாப் போட்டுத் தாறாங்க. இருநூறு பவுண். வாங்கட்டா?"

பவுண் என்றால் எங்களூர்ப் பெண்களுக்கு அது தங்கத்தின் கணக்கு. மகன் சொன்னதோ இங்கிலாந்துப் பணம். ஒரு பவுணுக்கு ஏறத்தாழ நானூறு ரூபா என்று வைத்துக்கொண்டாலும் எண்பதாயிரம் ரூபா. நமது நாட்டில் 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தை வாங்கும் ஒருவர் மூன்று மாதம் உண்ணாமல் உடுக்காமல் உழைத்தால் அந்த ரயிலை வாங்கலாம்.

மகனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஒரு விளையாட்டு ரயிலுக்கு எப்படி இந்த விலை வந்தது என்று முதலில் பார்ப்போம்.

ஹாம்லீஸ் நேற்று முளைத்த கடையல்ல. கோர்ண்வோல் பகுதியிலிருந்து லண்டனுக்கு வந்த வில்லியம் ஹாம்லி என்பவர் 1760ஆம் ஆண்டில் ஹை ஹோல்போர்ன் என்ற இடத்தில் அதைத் தொடங்கினார். அவர் கடைக்கு இட்ட பெயர் 'நோவாவின் பேழை'. நாம் நூஹ் நபி அலைஹிஸ்ஸலாம் என்று சொல்கிறோமே, அவர்களுடைய கப்பல்தான். எல்லா உயிர்களிலும் ஒரு சோடி அந்தக் கப்பலில் ஏறியதுபோல, எல்லா விளையாட்டுப் பொருளும் தன் கடையில் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். 1881இல் ரீஜென்ட் வீதியில் கிளை திறந்தார்கள். 2019இல் அந்தக் கம்பெனியை இந்தியாவின் ரிலையன்ஸ் நிறுவனம் வாங்கியது. வெள்ளைக்காரனின் ரயில் ஓடுகின்ற கடை இன்று மும்பாய் முதலாளியின் கையில். காலம் எப்படியெல்லாம் தண்டவாளம் மாறுகிறது பாருங்கள்.

இனி ரயிலுக்கு வருவோம். நமது நாட்டின் புகையிரதப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள அகலம் 5 அடி 6 அங்குலம். அதாவது 1,676 மில்லிமீற்றர். இங்கிலாந்தில் பரவலாக விற்கப்படும் விளையாட்டு ரயிலின் பாதை அகலம் 16.5 மில்லிமீற்றர். ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. ஆனால் பொருள் சிறுத்ததற்காக வேலை சிறுத்துவிடுவதில்லை. ஒரு எஞ்சினுக்கு உருக்கில் பல அச்சுகள் வெட்ட வேண்டும். நகத்தளவு மோட்டார் வேண்டும். ஆணித்தலை, கைப்பிடி, இலக்கம், எழுத்து யாவும் உண்மை எஞ்சினில் உள்ளபடியே அமைய வேண்டும். அச்சு வெட்டிய செலவை இலட்சம் பொருட்களில் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் சில சதங்களே ஏறும். சில ஆயிரம் பொருட்களில் பங்கிட்டால் விலை வானத்துக்குப் போகும். 1990களில் உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோன பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை.

இன்னுமொரு காரணம் உண்டு. பிள்ளைகள் வேறு விளையாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். இந்த ரயில்களைத் தேடி வாங்குவோரில் பெரும்பாலோர் இன்று நரைத்த தலைக்காரர். வயது வந்தவர் வாங்குவதால் நுணுக்கம் கூடுகிறது. நுணுக்கம் கூடுவதால் விலை கூடுகிறது. விலை கூடுவதால் பிள்ளைகள் இன்னும் தூரமாகிறார்கள். சிறு வயதில் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள், கையில் காசு வந்த காலத்தில் திரும்பி வந்து கண்ணாடிக்கு உள்ளேயிருப்பதை வாங்குகிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை. நானும் அந்த வரிசையில் நின்றவன்.

1972ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில், நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் நினைவாகப் பன்னிரண்டு நாள் நடைபெறும் கொடியேற்ற விழாவை இந்தக் கரையில் அறியாதவர் இல்லை. மணலில் வரிசையாகக் கடைகள். ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பும் கறுப்புமாய் ஒரு தகர ரயில். பக்கத்தில் ஒரு சாவி. கடைக்காரர் சாவியை முறுக்கிவிட்டால் அது வட்டமான தண்டவாளத்தில் கிர்ரென்று ஓடும். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம் அது. வெளிநாட்டுப் பொருள் எதுவும் கண்ணில் படுவதே அபூர்வம்.

வாப்பா மருதமுனையில் தறி நெய்தவர். அவரும் என்னோடு குனிந்து அந்த ரயிலைப் பார்த்தார்.

"என்ன விலை தம்பி?"

"பதினெட்டு ரூபா காக்கா."

வாரம் முழுவதும் தறியில் இருந்தாலும் வீட்டுச் செலவு போக அந்தத் தொகை மிஞ்சாது. வாப்பா நிமிர்ந்தார். என் தோளில் கையை வைத்தார். "மகன், இது ஓட தண்டவாளம் வேணும். நம்மட ஊருல ஏது தண்டவாளம்?" என்றார்.

அது உண்மைதான். 1928 முதல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வருகிறது. ஆனால் தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. கல்முனைக்கும் அதற்குத் தெற்கே உள்ள ஊர்களுக்கும் அது வந்ததில்லை. ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வட்டமாய்க் கிடந்த தண்டவாளத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாப்பாவும் பார்த்தார்.

மூன்றாம் நாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் வாப்பா என்னை எழுப்பினார். வாசலில் ஒரு ரயில் நின்றது. பால் டின் எஞ்சின். அதன் பின்னால் மூன்று மீன் டின் பெட்டிகள், கம்பிக் கொளுக்கியில். பழைய நூல் கட்டைகளை அறுத்துச் சில்லுகள் போட்டிருந்தார். "இதுக்குத் தண்டவாளம் தேவையில்ல மகன். மணலிலயும் ஓடும்" என்றார்.

நான் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சாவி எங்க வாப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. பெருவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. தகரம் வெட்டிய காயம். அதை அப்போது கண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு நாள் அந்த ரயிலை இழுத்தேன். பிறகு கிணற்றடியில் போட்டுவிட்டேன். மாரி மழையில் அது துருப்பிடித்துப் போயிற்று.

கையால் செய்த விளையாட்டுப் பொருளே உயர்ந்தது, காசு கொடுத்து வாங்குவது தாழ்ந்தது என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. வறுமையை அழகாக்கிக் காட்டுவது எழுதுபவர்களுக்குச் சுலபம். அந்த வயதில் எனக்கு வேண்டியது சாவியுள்ள ரயில்தான். அது கிடைக்காதது ஒரு குறைதான். ஆனால் விலை என்பதை நான் ஒரு பக்கம் மட்டுமே கணக்குப் பார்த்திருந்தேன் என்பது நெடுங்காலம் கழித்து ஒரு நூலை வாசித்தபோதுதான் விளங்கியது.

இங்கிலாந்தில் விளையாட்டு ரயில் என்றாலே ஹோர்ன்பி என்ற பெயர்தான் முதலில் வரும். அந்தப் பெயருக்குரிய பிராங்க் ஹோர்ன்பி 1863இல் லிவர்பூல் நகரில் பிறந்தவர். ஓர் இறைச்சி இறக்குமதி வியாபாரியிடம் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். தன் ஆண்பிள்ளைகள் விளையாடுவதற்காக உலோகத் தகட்டைக் கீலங்களாக வெட்டி, சம இடைவெளியில் துளையிட்டு, ஆணியும் சுரையும் போட்டு முடுக்கக்கூடிய துண்டுகளைச் செய்து கொடுத்தார். 1901இல் அதற்குக் காப்புரிமை எடுக்கத் தன் முதலாளியிடமே கடன் பட்டார். அதுதான் பிற்காலத்தில் 'மெக்கானோ' என்று உலகெங்கும் பேர் பெற்றது. 1920இல் அந்தக் கம்பெனியிலிருந்து முதலாவது ஹோர்ன்பி ரயில் வெளிவந்தது. அதுவும் சாவி கொடுத்து ஓடும் ரயில்தான்.

இதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கண்ணாடிக்குள் இருக்கும் அந்த விலையுயர்ந்த பொருளின் வேரும், தன் பிள்ளைகளுக்காகத் தகடு வெட்டிய சம்பளக்கார வாப்பா ஒருவரின் கைதான். லிவர்பூலில் வெட்டிய தகடு தொழிற்சாலையாயிற்று. மருதமுனையில் வெட்டிய தகரம் கிணற்றடிக்குப் போயிற்று. ஹோர்ன்பிக்குக் கடன் கொடுக்க ஒரு முதலாளி இருந்தார். வாங்குவதற்கு ஒரு பெரிய சந்தை இருந்தது. என் வாப்பாவுக்கு இருந்தது நான் ஒருவன். நான் சாவியைக் கேட்டேன்.

நேயர்களே, இனி மகனுக்குச் சொன்ன பதில். "வாங்கட்டா வாப்பா?" என்று அவன் மறுபடியும் கேட்டான். அவன் அங்கே வாடகை கட்டுகிறான். இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறான். எண்பதாயிரம் ரூபா அவனுக்கும் லேசான தொகையல்ல. எனக்காக அவன் அதைச் செலவழிக்கக் கூடாது என்று நினைத்தேன். அதை அப்படியே சொன்னால் அவன் மனம் நோகும். ஒரு கணம் நிதானித்துச் சொன்னேன்.

"வேணாம் மகன். அது ஓட தண்டவாளம் வேணும். நம்மட ஊருல ஏது தண்டவாளம்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கு விளங்கியது. வாப்பா மௌத்தாகிப் பல வருடங்களாகின்றன. கடற்கரை மணலில் என் தோளில் வைத்த கையை, அன்று தொலைபேசியைப் பிடித்திருந்த கையில் கண்டேன்.

மறுமுனையில் மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி வாப்பா" என்றான்.